ஏறிய இடத்திலேயே இறங்குவதற்கு டிக்கெட் எதற்கு?

தம்பி, சென்ற மாதம் உமக்கு இரண்டு இழவு. முதலில், கூட வேலை செய்கிற நண்பருடைய வாப்பாவின் ஜனாஸா. ஜாவத்தை மையவாடிவரை போய் நின்றீர். பத்து நாள் போகவில்லை, உமது அம்மம்மா. வெள்ளவத்தை வீட்டில் திருவாசகத்துப் பொற்சுண்ணம் பாடி உரல் இடித்து, கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே, "நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள்" என்று ஓதினார்கள். இங்கே, "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்று பாடினோம். இரண்டையும் கேட்டுவிட்டு நீர் எனக்கு எழுதிய கேள்வி இது:

"சேர், கடவுளிடமிருந்து வந்தோம், கடவுளிடமே போகிறோம், அதுதான் மனிதப் பிறவியின் நோக்கம் என்று எல்லாச் சமயமும் சொல்கிறது. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி, புறக்கோட்டைவரை நெரிசலில் தொங்கிப் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் வெள்ளவத்தைக்கே திரும்பி வருவதற்கு யாராவது டிக்கெட் எடுப்பார்களா? வந்த இடத்துக்கே போவதென்றால் வராமலே இருந்திருக்கலாமே?"

அறநெறி வகுப்பில் பன்னிரண்டு வயதில் நீர் இப்படி ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலத்தில் கடலை எப்போது கொடுப்பார்கள் என்பதே உமது கேள்வியாக இருந்தது. தொலைபேசியில் இரண்டு வரி எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். இது இரண்டு வரியில் அடங்குகிற காரியம் இல்லை. ஆறுதலாக இருந்து வாசியும்.

உமது பஸ் உவமை கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அதற்குள் ஒரு விஷயத்தைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டீர்: எல்லாச் சமயத்தாரும் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குகிறார்கள் என்று. எங்கே ஏறினோம் என்பதிலேயே இவர்களுக்குள் சண்டை இருக்கிறது.

ஆறுமுக நாவலர் பெருமானின் சைவ வினாவிடையில் முதற் கேள்வி உமக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும். "உலகத்துக்குக் கருத்தா யாவர்?" உமது வகுப்பே கூரை அதிர "சிவபெருமான்!" என்று கத்தும். விடையைத்தான் கத்தினீர்களே தவிர, கேள்வியை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் பல வருடம் படிப்பித்த பிறகுதான் கவனித்தேன். உலகத்துக்குக் கருத்தா யாவர் என்றுதான் நாவலர் கேட்கிறார். உன்னைப் படைத்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. இளமையில் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உதவியவர் அவர், கிறிஸ்தவ வினாவிடைகள் "உன்னைப் படைத்தவர் யார்?" என்று தொடங்குவது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துகொண்டேதான் அந்தச் சொல்லை மாற்றி வைத்தார் என்பது என் எண்ணம். ஏனென்றால் சைவ சித்தாந்தத்தில் உயிரை யாரும் படைக்கவில்லை. பதி என்கிற இறைவன், பசு என்கிற உயிர், பாசம் என்கிற தளை மூன்றும் அனாதி, தொடக்கம் இல்லாதவை. "பதியினைப் போற்பசு பாசம் அனாதி" என்று திருமூலர் ஒரே அடியில் முடித்துவிட்டார். கடவுள் எவ்வளவு பழையவரோ நீரும் அவ்வளவு பழையவர். பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை, உம்மை மூடியிருக்கிற இருளும் அதே வயதுதான்.

அப்படியானால் கடவுள் எதற்கு மூலம்? இதற்குப் பழைய ஆசிரியர்கள் குயவனைக் காட்டுவார்கள். பானைக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல மாயையே உடம்புக்கும் உலகத்துக்கும் மண், இறைவனுடைய சக்தி துணை, இறைவன் குயவன். உம்முடைய கண், காது, மூளை, நீர் பிறந்த வீடு, பேசும் மொழி, இந்தக் கொழும்பு, இதன் புழுக்கம் எல்லாம் அவன் ஆக்கித் தந்தவை. நீர் மட்டும் அவன் ஆக்கிய பொருள் இல்லை. அப்பர் சுவாமிகள் பாடிய ஒரு வரியை இந்தக் கண்ணோடு மறுபடி வாசித்துப் பாரும்:

வாழ்த்த வாயும் நினைக்க மடநெஞ்சும்
தாழ்த்தச் சென்னியும் தந்த தலைவனை

தந்தது வாய், நெஞ்சு, தலை. பெறுவதற்கு ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தால்தானே "தந்த" என்று சொல்ல முடியும்?

இனி உமது கேள்வியின் நெஞ்சுக்கு வருகிறேன். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம், நாற்பதே வரி. அதன் முதற் சூத்திரத்தில் உமது கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது.

அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கிமலத் துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஒடுங்கியது மறுபடி உண்டாகிறது. உலகத்தை ஒடுக்கி முடிப்பவன் எவனோ, அவனே அதன் தொடக்கம், அந்தமே ஆதி. வீட்டுச் சாமானையெல்லாம் எடுத்துப் பெட்டியில் அடுக்கிப் பூட்டியவர் கையில்தானே திறப்பு இருக்கும்? மறுபடி எடுத்து வைப்பதும் அவரே. இதுவரை உமது பஸ் சரியாகத்தான் ஓடுகிறது. மூலமும் முடிவும் ஒருவரே.

ஆனால் நடுவில் ஒரு சிறு சொல் கிடக்கிறது: "மலத்து உளதாம்". மலத்தின் பொருட்டு உண்டாகிறது. அழுக்கு இன்னும் போகவில்லை, அதனால் உலகம் திரும்ப விரிகிறது. ஒடுங்குவது பயணத்தின் முடிவு என்றால் மறுபடி விரிய வேண்டிய அவசியமே இல்லையே. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இதற்கு வைத்த பெயர் இன்னும் அழகு: "அழிப்பு இளைப்பாற்றல்". சங்காரம் என்பது களைத்த உயிர்களுக்குக் கொடுக்கும் ஓய்வு.

உமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் அது டிப்போ. பஸ் இரவில் டிப்போவுக்குப் போகிறது, காலையில் அங்கிருந்தே புறப்படுகிறது. டிப்போவுக்குப் போவதற்காக யாரும் டிக்கெட் எடுப்பதில்லை என்று நீர் சொல்வது முழு உண்மை. டிப்போவையும் போய்ச் சேர வேண்டிய இடத்தையும் ஒன்றாக்கியதே உமது பிழை. சைவத்தில் ஒடுக்கம் வேறு, வீடு என்கிற முத்தி வேறு. மூலத்துக்குத் திரும்புவது மட்டும் நோக்கம் என்றால் ஊழிக்காலத்தில் எல்லோருக்கும் இலவசமாக அது கிடைத்துவிடும். தேவாரமும் தேவையில்லை, கோயிலும் தேவையில்லை.

பிறகு என்னதான் நோக்கம்? உமது வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. அன்றைக்கு உரல் இடிக்கிற சத்தத்துக்கு அது வீறிட்டு அழுதபோது கை மாறி மாறி எத்தனை பேர் தூக்கினோம்? நான் தூக்கினேன், உமது மாமி தூக்கினார், ஒருவரிடமும் அடங்கவில்லை. அதன் தாய் கைநீட்டியதும் பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளை பிறந்த முதல் வாரத்தை நினைத்துப் பாரும். அதே தாய், அதே மடி, அதே பால். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. தன்னை வைத்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. ஆறு மாதத்தில் அது எந்த ஊருக்குப் போய் வந்தது? எங்கும் போகவில்லை. இருந்த மடியிலேயே இருந்துகொண்டு, மடியை அறிந்துகொண்டது. அந்தப் பாய்ச்சலுக்கும் முதல் வாரத்துக் கிடப்புக்கும் இடையில் உள்ள வித்தியாசமே சைவம் சொல்லும் பிறவிப் பயன்.

சாத்திரத்தில் இதைக் கேவலம், சகலம், சுத்தம் என்று மூன்று நிலையாகச் சொல்வார்கள். கேவலத்தில் உயிர் இருக்கிறது, இறைவனும் பக்கத்திலேயே இருக்கிறான், ஆனால் ஆணவ இருளில் தன்னையும் தெரியாது, அவனையும் தெரியாது. சகலத்தில் உடம்பும் உலகமும் கிடைத்துக் கொஞ்சம் கண் தெரிகிறது. நாம் இப்போது இருப்பது இங்கே. சுத்தத்தில் இருள் நீங்கி, எப்போதும் பக்கத்தில் நின்றவனைக் காண்கிறது. ஏறிய இடமும் இறங்குகிற இடமும் ஒன்றுதான் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஏறும்போது நீர் நித்திரையில் இருந்தீர்.

உடம்பும் உலகமும் எதற்கு என்பதற்கு சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயனில் சொன்ன குறட்பா ஒன்று எனக்கு உயிர்.

விடிவாம் அளவும் விளக்கனைய மாயை
வடிவாதி கன்மத்து வந்து.

விடியும்வரைக்கும் விளக்குப் போல, மாயை உடம்பாகவும் மற்றவையாகவும் வந்து உதவுகிறது. இந்த அடியைச் சின்ன வயதிலேயே பாடமாக்கியிருந்தேன். விளங்கியது 2022இல். அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது உமக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தொடர்மாடியில் ஒருநாள் விடியற்புறம் விழித்தேன், கும்மிருட்டு. மெழுகுதிரி தீர்ந்துவிட்டது. அப்போது, 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத வருடங்களில் நாங்கள் எரித்த ஜாம் போத்தல் விளக்கு நினைவுக்கு வந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கே மண்ணெண்ணெய், கம்பியில் செருகிய திரி. கை மறக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் செய்துவிட்டேன். சுண்டுவிரல் நகம் அளவு சுடர். அதை வைத்துக்கொண்டு மனைவியின் மருந்தைத் தேடி எடுத்தேன், தண்ணீர் வைத்தேன், பிறகு சும்மா இருக்காமல் திருவருட்பயனை விரித்தேன். ஒரு பக்கம் வாசிக்கலாம். அடுத்த அறை தெரியாது.

வெள்ளவத்தையில் கடல் மேற்குப் பக்கம். எங்களுக்குக் கடலில் சூரியன் விழும், எழாது. விடியல் முதுகுப் பக்கமாக, ஹவ்லொக் வீதிப் பக்கத்திலிருந்து, கட்டடங்களுக்கு நடுவால் மெல்ல வரும். வாசித்துக்கொண்டே இருந்தவன் ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால், சுடர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. யாரும் ஊதி அணைக்கவில்லை. எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: போத்தல் கழுத்தெல்லாம் கரி. வெளிச்சம் தந்த அதே சுடர்தான் கண்ணாடியைக் கறுப்பாக்கியதும்.

சித்தாந்தம் மாயையையும் மலம் என்றே எண்ணுகிறது. உடம்பு உதவியும் செய்கிறது, அழுக்கும் ஏற்றுகிறது. இது என்ன முரண் என்று கேட்டவர்களுக்கு அருணந்தியாரின் சிவஞான சித்தியார் சலவைக்காரரைக் காட்டுகிறது. அவர் அழுக்குத் துணியில் சாணியும் உவர்மண்ணும் சேர்த்துப் பிசைந்து, அந்த அழுக்காலேயே பழைய அழுக்கைப் போக்குவார் அல்லவா? மலத்தால் மலம் கழுவுதல். ஆகவே உடம்பை இழிவு என்று வெறுக்கிற துறவுப் பேச்சும், உடம்பே எல்லாம் என்கிற பேச்சும் இரண்டுமே இந்தக் குறட்பாவுக்கு வெளியே நிற்கின்றன. விளக்கைக் கும்பிடவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். விடியும்வரை திரியைத் தூண்டிக்கொண்டு, இடையிடையே கரியைத் துடைத்துக்கொண்டிருந்தால் சரி.

இனி மற்றவர்கள் பக்கம். உமது நண்பரின் வீட்டார் சொன்னதை நம்முடைய சித்தாந்தத்துக்குள் திணிக்கக்கூடாது. அவர்களுக்கு ஏறுமிடம் வேறு. இஸ்லாத்தில் உயிர் படைக்கப்பட்டதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் குர்ஆனின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஆதமுடைய மக்களின் சந்ததிகள் எல்லோரையும் பிறக்கும் முன்பே வெளிப்படுத்தி, "நான் உங்கள் இறைவன் அல்லவா?" என்று அல்லாஹ் கேட்கிறான். "ஆம், நாங்கள் சாட்சி" என்கிறார்கள். அந்த "ஆம்" என்ற சொல்லை மறந்த நிலையில் இங்கே வாழ்ந்து, திரும்ப நினைத்து, செயலால் மெய்ப்பிக்க வேண்டும். உங்களில் செயலால் அழகானவர் யார் என்று சோதிப்பதற்காகவே மரணத்தையும் வாழ்வையும் படைத்தான் என்று 67ஆம் அத்தியாயம் சொல்கிறது. ஆகவே அவர்களிடம் உமது பஸ் கேள்வியைக் கேட்டால், பரீட்சை மண்டபத்துக்குப் போன பிள்ளை வீட்டுக்குத்தான் திரும்பி வரும், அதற்காகப் போனது வீண் ஆகுமா என்று திருப்பிக் கேட்பார்கள்.

கிறிஸ்தவர்களிடம் கேட்டால் பதில் இன்னும் வித்தியாசமாக வரும். ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் படைத்தார். தேவை எதுவும் இருந்து படைக்கவில்லை, அன்பு நிறைந்து வழிந்ததால் படைத்தார். "சகலமும் அவராலும் அவர் மூலமாயும் அவருக்காகவும் இருக்கிறது" என்று பவுல் உரோமருக்கு எழுதினார். மூலம், வழி, நோக்கம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்த இறுக்கம் எனக்கு மெய்கண்டாரை நினைவூட்டும். புனித அகஸ்தீன் நான்காம் நூற்றாண்டின் முடிவில் இதையே உள்ளே திருப்பிச் சொன்னார்: உமக்காகவே எங்களைப் படைத்தீர், உம்மில் இளைப்பாறும்வரை எங்கள் நெஞ்சுக்கு அமைதி இல்லை. இளைப்பாற்றல் என்ற சொல் அங்கேயும் வருகிறது, கவனித்தீரா? ஆனால் நம்மவர் அதைப் பயணத்தின் இடைத் தங்கலுக்கு வைத்தார்கள், அவர் பயணத்தின் முடிவுக்கு வைத்தார். இன்னொன்று: அவர்களுடைய வேதம் ஒரு தோட்டத்தில் தொடங்கி ஒரு நகரத்தில் முடிகிறது. ஏதேன் தோட்டம் முதல் நூலில், புதிய எருசலேம் கடைசி நூலில். ஏறிய இடத்தில் அவர்கள் இறங்குவதே இல்லை. உமது உவமை அவர்களிடம் செல்லாது.

கொழும்பில் இருந்துகொண்டு இதையெல்லாம் பேசுவதில் ஒரு வசதி உண்டு. கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயிலிலிருந்து பொன்னம்பலவாணேசர் கோயில் நடந்து போகும் தூரம். அந்தச் சிவன் கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் திரும்ப எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், அதற்கு முன்பே மத்தேயு சுவிசேஷத்துக்கும் யோவான் சுவிசேஷத்துக்கும் ஆங்கிலத்தில் உரை செய்தவர். 1898இல் ஒன்று, 1902இல் மற்றது. சைவராகவே இருந்துகொண்டு, தஞ்சாவூர்க் குருவிடம் கற்ற ஞானத்தைக் கொண்டு இயேசுவின் சொற்களுக்குப் பொருள் கண்டார். அவருடைய பொருள்கோள் எல்லாம் எனக்கு ஒப்பு இல்லை. எல்லாவற்றையும் வேதாந்தமாக உருக்கி ஊற்றிவிடுகிற அவசரம் அதில் இருக்கிறது. ஆனாலும் அயல் வீட்டுக்காரனின் நூலை உட்கார்ந்து படித்த பிறகு பேசுகிற ஒழுங்கு இருந்ததே, அது இப்போது அருமை.

பௌத்தரையும் விட்டுவிடக் கூடாது. இந்த நகரத்தில் உமக்கு மேல்மாடியும் கீழ்மாடியும் அவர்கள்தானே. அவர்களுக்குப் படைத்தவர் என்று ஒருவர் இல்லை; சம்சாரத்துக்குக் காணக்கூடிய தொடக்கமும் இல்லை. நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவன் பெயர் என்ன, குலம் என்ன, வில் என்ன மரம் என்று எல்லாம் தெரிந்த பிறகே அம்பைப் பிடுங்குவேன் என்றால் செத்துப் போவான் என்று புத்தர் சொன்னார். தொடக்கம் இல்லை என்பதில் சைவமும் பௌத்தமும் ஒரே கரையில் நிற்கின்றன. அம்பைப் பிடுங்க ஒரு கை வேண்டும் என்று சைவம் சொல்லும்போதுதான் வழி பிரிகிறது.

இப்போது நீர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "சரி சேர், உயிரைக் கடவுள் படைக்கவில்லை, இருளையும் படைக்கவில்லை. பிறகு அந்த இருள் ஏன் வந்தது?" மெய்கண்டார் இதற்கு, நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் "சொல்லிற் புதிதன்று தொன்மையே" என்கிறார். நெல் முளைத்த பிறகு யாரோ வந்து உமியைப் போர்த்தவில்லை. நெல் என்றாலே உமியோடுதான். நான் இதைப் பதில் என்று சொல்ல மாட்டேன். கேள்விக்கு முன் என்று ஓர் இடம் இல்லை என்று காட்டுகிற வேலையைத்தான் அது செய்கிறது. ஆனால் அதனால் ஒரு பெரிய லாபம் உண்டு: இருளுக்குப் பழி கடவுள் மேல் விழவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாவற்றையும் அவரே படைத்தார் என்று சொல்பவர்கள் தீமைக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுடைய இறையியல் நூல்களில் பாதி அந்தக் கணக்குத்தான். சைவத்துக்கு வேறு கஷ்டம்: எல்லாம் வல்லவர் என்கிறீர்களே, அனாதியான ஒன்றை அவர் படைக்கவில்லை என்றால் அவர் வல்லமைக்கு வெளியே ஒன்று இருக்கிறதே என்று அவர்கள் நம்மைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூரை ஒழுக்கு இருக்கத்தான் செய்கிறது. எந்த ஒழுக்கின் கீழ் பாத்திரம் வைத்துக்கொண்டு வாழ முடியும் என்பதைத்தான் நாம் தெரிவு செய்கிறோம்.

உமது கடிதத்தின் கடைசியில் அடித்துவிட்டு எழுதிய வரி ஒன்று இருந்தது. அம்மம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்து புண்பட்டதற்கும் கடவுளிடம் ஒரு நோக்கம் இருந்ததா என்று. இதற்கு மட்டும் நான் பதில் சொல்லமாட்டேன், வேறு யாராவது சொன்னாலும் கேட்காதேயும். பிறவிக்கு நோக்கம் உண்டு என்பது ஒரு பேச்சு. இன்னார்க்கு இன்ன நோய் இன்ன காரணத்துக்காக வந்தது என்று படுக்கை ஓரத்தில் நின்று விளக்குவது இன்னொரு பேச்சு. வினை என்ற சொல்லை நம்மவர்கள் பிறர் வீட்டுத் துக்கத்தில் எடுத்து வீசுவதைப் பார்த்தால் எனக்கு வாயில் வந்துவிடும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்து, பூசைக்குப் போன பலர் திரும்பவில்லை. அதற்கும் சிலர் உடனே காரணம் சொன்னார்கள். விவிலியத்தில் துன்பத்தில் கிடந்த யோபுவுக்கு அவருடைய நண்பர்கள் செய்ததும் அதுவே; கடைசியில் கடவுள் கோபித்தது யோபுவின் மேல் இல்லை, அந்த விளக்கக்காரர்கள் மேல்தான்.

போய்ச் சேரும் இடம் எப்படியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது. களனி கங்கை முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறதே, அப்படிக் கரைந்து போவதா? பலரும் அப்படித்தான் பாடுகிறார்கள். உமாபதி சிவம் அந்த உவமைக்குப் போகவில்லை. தமிழ் வாத்தியார் மாதிரி இலக்கணத்துக்குப் போனார். "தாடலைபோல் கூடி" என்றார். தாள், தலை என்று இரண்டு சொல். தாள் என்றால் இறைவன் திருவடி, தலை என்றால் உமது தலை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும், தாடலை. ளகரமும் போயிற்று, தகரமும் போயிற்று, நடுவில் ஒரு டகரம் வந்தது. காதுக்கு ஒரே சொல். எங்கே தாள் முடிகிறது, எங்கே தலை தொடங்குகிறது என்று கத்தி வைத்து வெட்ட முடியாது. ஆனாலும் பொருள் இரண்டு அப்படியே இருக்கிறது. தலை அழிந்துவிட்டால் வணங்குவது யார்? கரைந்துபோனால் இன்பத்தை அனுபவிக்க ஆள் இருக்காதே என்பது சித்தாந்தத்தின் பழைய வாதம். தமிழில் மட்டுமே சொல்லக்கூடிய உவமை இது. எழுத்துத் தேய்ந்து, பொருள் தேயாமல் இரண்டு ஒன்றாகிற புணர்ச்சி. பாடசாலையில் "ளகர ஈறு" என்று கரும்பலகையில் எழுதியபோது நீர் கொட்டாவி விட்டீர். அதற்குள் முத்தி இருந்தது.

நாளை காலை எழுந்து அலுவலகம் போக வேண்டிய ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், அப்பர் சுவாமிகளின் இன்னொரு அடியைத்தான் தரமுடியும். "என்கடன் பணிசெய்து கிடப்பதே" என்பது எல்லாத் தொண்டர் சபையின் பதாகையிலும் இருக்கிறது. அதற்கு முந்திய அடியை ஒருவரும் எழுதுவதில்லை: "தன்கடன் அடியேனையும் தாங்குதல்". முதலில் அவன் கடன் வருகிறது, பிறகுதான் என் கடன். தாங்குவது அவனுடைய பொறுப்பு என்று அவன் கணக்கில் எழுதிவிட்டு, மிச்சத்தைத் தன் கணக்கில் எழுதுகிறார். "அடியேனையும்" என்பதில் உள்ள அந்த "உம்"மைப் பாரும். இவ்வளவு பெரிய உலகத்தைத் தாங்குகிறவன் என்னையும் சேர்த்துத் தாங்கட்டும் என்கிற அடக்கமும் அதில் இருக்கிறது, விடாப்பிடியும் இருக்கிறது. நோக்கத்தைத் தேடி நீர் இரவிரவாக விழிக்க வேண்டியதில்லை. உமக்கு வந்திருக்கிற பணி எதுவோ அதைச் செய்யும். மூன்று மாதம் அம்மம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, புண்ணுக்கு மருந்து கட்டினீரே, அந்த நேரத்தில் இந்தக் கேள்வி உமக்கு வந்ததா? வரவில்லை என்று நினைக்கிறேன். கை சும்மா இருக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

அந்தியேட்டிக்கு முகத்துவாரம் போவதாக உமது அம்மா சொன்னார். நானும் வருகிறேன். அந்திய இட்டி, கடைசி வேள்வி என்பதுதான் அந்தச் சொல். மெய்கண்டாரின் "அந்தம்" அதற்குள்ளும் இருக்கிறது, வழியில் சொல்கிறேன். குழந்தையைக் கொண்டுவந்தால் தொப்பி போடும், கடற்கரையில் வெயில் கூட. கோட்டையில் இறங்கி முகத்துவாரத்துக்கு எந்த இலக்கப் பஸ் எடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பும். ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விடாத பஸ்ஸாகப் பார்த்து.